கழுதையைப் பார்த்துப் பேசு

வேம்படிப்பேட்டைக்காரர்கள் லேசில் வாயைப் பிளக்கிற ஆட்கள் இல்லை. ஆனி பிறந்தால் மலையிலிருந்து சாரல் இறங்குகிறது, ஆவணி வந்தால் நின்றுவிடுகிறது, அதெல்லாம் யாரைக் கேட்டு நடக்கிறது என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் குடிக்கிற ஊர் அது. அதனால்தான் ஆவுடையம்மாளின் குரல் அவள் தொண்டையை விட்டுக் கிளம்பி, அவள் வலது கையில் மாட்டியிருந்த துணிக்கழுதையின் வாய்க்குள் போய்க் குடியேறியபோதும், அட, எங்கேயோ காடு மலை தாண்டியா போய்விட்டது, கைக்கெட்டின தூரத்தில்தானே போயிருக்கிறது என்று ஊர் தன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போனது.

கழுதையின் பேர் கானக்குட்டி. பழைய அரிசி ஆலைக் கோடவுனில் இரண்டு கேமராவும் நாலு டியூப்லைட்டுமாக ஓடிக்கொண்டிருந்த பிஞ்சு டிவி என்கிற உள்ளூர் சானலில், தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து, உயிரெழுத்திலிருந்து பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும், கை கழுவுகிற முறையிலிருந்து ஆற்றுப் பேர்கள் வரைக்கும் எல்லாவற்றையும் பாட்டாகவே பாடிச் சொல்லித்தருகிற கழுதை. அதைத் தைத்தவர் ஆவுடையின் வீட்டுக்காரர் முப்பிடாதி. கடைத்தெருவில் லேடீஸ் டெய்லர். பேண்ட் துணியில் மிஞ்சின சாம்பல் நிறத்துண்டில் உடம்பும், ஆவுடையின் பழைய ரோஸ் ஜாக்கெட்டைக் கிழித்துக் காதுக்கு உள்பக்கமும் வைத்துத் தைத்தார். அது வந்த பிறகு ஊரில் எந்த வாத்தியாரும் பிள்ளைகளைக் கழுதை என்று திட்ட முடியாமல் போயிற்று. திட்டினால் அதுகள் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்து நின்று பாட ஆரம்பித்துவிடும்!

ஆவுடை மேஜைக்கு அடியில் பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு, கையை மட்டும் மேலே தூக்கி, அங்கேயிருந்தே பாடுவாள். அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். கழுதையைப் பார்த்துப் பேசு, கையைப் பார்க்காதே. ஒருதரம் குடற்புழுவைப் பற்றிப் பேச வந்த சுகாதார ஆய்வாளர், மரியாதை தெரிந்த மனுசன், குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்து "வணக்கம்மா" என்று சொல்லிவிட்டார். "என்ன சார், அடியில என்ன தேடுதீய? கானக்குட்டி மேலயில்லா நிக்கா!" என்று ஆவுடை சத்தம்போட்ட சத்தத்தில் அவர் புழுவையே மறந்துபோனார். சானலை நடத்துகிற ஞானதுரை சாரும் அப்படித்தான், பாட்டில் சுருதி பிசகினால் கழுதையைப் பார்த்துத்தான் கோபிப்பார். டிவி பார்த்த பிள்ளைகள் பழகின, பிள்ளைகளைப் பார்த்துத் தாய்மார் பழகினார்கள். பதினோரு வருசத்தில் ஊரே பழகிப்போயிற்று.

டிவியில் கேட்ட அந்தக் குரல் தேனில் போட்ட பலாச்சுளை மாதிரி. ஆனால் ஆவுடைக்கு இன்னொரு குரல் இருந்தது. அது தாழ்ந்த குரல், கொஞ்சம் கரகரப்பு, தூக்கம் முழுசாய்த் தெளியாத குரல். வீட்டு வாசலைத் தாண்டாத குரல். அதில்தான் அடுப்படியில் நின்றுகொண்டு, முன்னறையில் தையல் மிஷினை மிதிக்கிற புருசனை "இந்தாருங்க" என்று கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லுக்குள் பால் பொங்குகிற இந்தாருங்க வேறு, சாப்பிட வருகிற இந்தாருங்க வேறு, உம்மேல் எனக்குக் கோபம் என்கிற இந்தாருங்க வேறு. முப்பிடாதி மிஷினை நிறுத்தாமலே எது எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். உப்புத் தீர்ந்த இந்தாருங்கவுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, நேரே கடைக்கே போய்விடுவார்.

அந்த ஆவுடைக்குக் கழுத்தில் கட்டி வந்தது. பெரியாஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். கட்டி நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, குரல் போனாலும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னதுதான், சொன்னபடியே போயிற்று. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

ஊர்ப் பெண்கள் கூடிப் பேசினார்கள். பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவிதான் ஆரம்பித்தாள். "எம்மா, ஆள் செத்தாத்தான் துட்டி கேக்கணுமா? அம்புட்டு சத்தம் போயிருக்கு, நாம போயி ஒரு துட்டி கேட்டுட்டு வர வேண்டாமா?" அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் துக்கம் விசாரிக்கப் போவதற்குத் துட்டி கேட்பது என்று பேர். அதற்குப் பூ வைத்துக்கொண்டு போகமாட்டார்கள், வெறுங்கையோடு போவார்கள். வீட்டுக்காரர்கள் வாங்க என்று சொல்லக்கூடாது, வந்தவர்கள் போய்வாறேன் என்று சொல்லக்கூடாது. உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்து நடையைக் கட்ட வேண்டியதுதான். பெண்கள் எல்லாம் பூவை எடுத்து வைத்துவிட்டு அப்படியே கிளம்பினார்கள்.

அவர்கள் வாசலுக்கு வரவும், உள்ளே ஞானதுரை சார் கானக்குட்டியை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கவும் சரியாக இருந்தது. வேறு ஆளைப் போட்டுப் பாட வைக்க அவருக்கு மனசு வரவில்லை, சானலில் நிகழ்ச்சியையே நிறுத்திவிடலாம் என்று சொல்லத்தான் வந்திருந்தார். ஆவுடை கடைசியாக ஒருதரம் மாட்டிப்பார்ப்போம் என்று கையை உள்ளே விட்டாள். கழுதை தலையை நிமிர்த்தி, காதை ஆட்டி, அச்சு அசல் அதே பலாச்சுளைக் குரலில், "வாங்க வாங்க கண்ணுகளா, வந்தாச்சு கானக்குட்டி!" என்று பாடியது. ஆவுடையின் உதடு அசையவில்லை. முப்பிடாதி கையிலிருந்த அளவு டேப்பைக் கீழே போட்டார். ஞானதுரை சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சுருதி சரியா இருக்கு," என்றார்.

அவ்வளவுதான். வாசலில் நின்ற பெண்கள் அப்படியே திரும்பிப் போய், தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு, சீனியும் வாழைப்பழமுமாக மறுபடியும் வந்தார்கள். "குரல் போச்சுன்னு எந்தப் பய சொன்னான்? இந்தா கணீர்னு இருக்குல்லா!" என்று கழுதைக்குத் திருஷ்டி கழித்தார்கள். துட்டி அன்றோடு நின்றுபோனது.

ஊர் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்கிறீர்களா? பிள்ளைகளுக்கு இதில் ஒரு புதுமையும் தெரியவில்லை, கானக்குட்டி எப்போதும் தானாகத்தானே பேசியது என்று சொல்லிவிட்டன. ரேஷன் கடைக்காரர் "கழுதையைக் கழத்தாதீங்கக்கா, இடது கைப் பெருவிரலை வைங்க, போதும்," என்று வழி பண்ணிக்கொடுத்தார். கோயிலுக்குள் கழுதையைக் கொண்டுபோகலாமா என்று கமிட்டி கூடி, தோல் என்றால்தான் ஆகாது, இது துணிதானே என்று முடிவு சொன்னது. டவுன்பஸ் கண்டக்டர் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, கழுதை ஆணா பெண்ணா என்று வம்புக்கு இழுக்க, கானக்குட்டி "பொண்ணுதான் நான், பொண்ணுதான்!" என்று ராகத்தோடு எடுத்துவிட, பஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தது. கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குக் கழுதை பாடியது. பந்தியில் கழுதைக்கும் ஒரு இலை போட்டார்கள், போட்டுவிட்டு "பாயசம் பிடிச்சிருக்கா?" என்று அதன் முகத்தைப் பார்த்தே கேட்டார்கள். பாயசம் குடித்தவள் பக்கத்து இலையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

இங்கேதான் சங்கதி. கழுதை ஆவுடை நினைப்பதைத்தான் சொன்னது, ஒரு சொல் கூட்டவில்லை குறைக்கவில்லை. ஆனால் அதற்குத் தெரிந்த குரல் ஒன்றுதான், அந்த அஞ்சு மணிக் குரல். தலைவலி என்று நினைத்தால் தலைவலியைப் பாட்டாகப் பாடியது. மாவு புளித்துவிட்டது என்பதைத் துள்ளித் துள்ளிச் சொன்னது. அடுப்படியில் நின்று ஒருநாள் "இந்தாருங்க" என்று நினைத்தாள், "இந்தாருங்கோ இந்தாருங்கோ" என்று கழுதை இழுத்த இழுப்பில் முப்பிடாதி மிஷினை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். எதற்குக் கூப்பிட்டாள் என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. பால் பொங்கி வழிந்து போயிற்று.

ஒருநாள் காலையில் அவள் அவர் முன்னால் போய் நின்று, தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, இத்தனை நாளாய் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டாள். என் குரல் போயிட்டுது, எனக்கு அழுகையா வருது. கழுதை அதைச் சரணம் மாதிரி இரண்டுதரம் பாடியது. முப்பிடாதி கழுதையின் காதைப் பிடித்துத் திருகி, "இந்தக் கழுதைக்கு வந்த குசும்பைப் பாரேன்!" என்று சிரித்தார். அவள் கழுதையைக் கழற்றி எறிந்துவிட்டு, அவர் துணியில் கோடு கிழிக்கிற சாக்குக்கட்டியால் வெட்டுப்பலகையிலேயே அதை எழுதிக் காட்டினாள். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு தரையில் கிடந்த கழுதையை எடுத்துத் தூசியைத் தட்டி, அவள் கையில் மாட்டிவிட்டு, அந்தக் கழுதையைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் அழுகை? அதான் குரல் இருக்குல்லா?"

ஆவுடை கழுதையைத் திரும்பவும் கழற்றிக் கீழே வைத்தாள். ஊரை என்ன சொல்ல? அவள் சொல்லிக்கொடுத்ததைத்தானே ஊர் செய்கிறது! கையைப் பார்க்காதே என்று பதினோரு வருசம் கத்தினவள் அவள்தானே! ஆனால் ஒரே ஒரு ஆள், இந்த ஒரு ஆள், தாலி கட்டின இந்த மனுசன் ஒருதரம் நிமிர்ந்து தன் முகத்தைப் பார்த்து, போயிட்டுதே என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. குரலே இனி வராவிட்டாலும் போகட்டும், அந்த ஒரு பார்வை இல்லாமல் இந்த வீட்டில் இருந்து என்ன செய்ய என்றுகூட நினைத்தாள். அந்த நேரம் கழுதை கையில் இல்லாததால் அந்த நினைப்பு ஊருக்குத் தெரியாமல் போயிற்று.

சானலின் ஆண்டு விழா வந்தது. கல்யாண மண்டபத்தில் நேரடி ஒளிபரப்பு, ஊரே திரண்டுவிட்டது. முப்பிடாதி ஒரு வாரமாய் வந்த ஆர்டரை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு, கழுதைக்கு ஜரிகை வைத்து ஊதா வெல்வெட்டில் சட்டை தைத்திருந்தார். ஆவுடை பழைய ஜாக்கெட்டோடுதான் வந்தாள். அக்குளில் தையல் விட்டிருந்தது. டெய்லர் பெண்டாட்டி ஜாக்கெட்டில் தையல் விட்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

மேடையில் மேஜை போட்டுத் துணி விரித்திருந்தார்கள். ஆவுடை அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். மேஜைத்துணி விலகின இடுக்கு வழியாக முன்வரிசையில் முப்பிடாதி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஞானதுரை சார் மைக்கைக் கழுதையிடம் நீட்டி, "கானக்குட்டி, நம்ம ஊர் மக்களுக்கு உன் மனசில இருக்கதைச் சொல்லு பார்ப்போம்," என்றார்.

மனசில் இருப்பதைச் சொல்லச் சொன்னால் சொல்லாமல் என்ன செய்யும்? கழுதை வெல்வெட்டுச் சட்டையோடு எழும்பி நின்று பாடியது:

"போயிட்டுதே என் சத்தம்,
போனது போயே போச்சு,
பாக்க ஒரு ஆள் இல்லை,
அழுதழுது வீங்கிப் போச்சு!"

மண்டபம் தாளம் போட்டது. பிள்ளைகள் போயிட்டுதே போயிட்டுதே என்று எதிர்ப்பாட்டுப் பாடின. இன்னொருதரம் என்று பின்னாலிருந்து ஒருத்தன் விசிலடித்தான். ஆவுடை அடியில் கிடந்து அழுதாள், கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போயிற்று. இடுக்கு வழியாகப் பார்த்தாள். முன்வரிசையில் முப்பிடாதியும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. மேஜைத்துணியை விலக்கிக்கொண்டு, தலை கலைந்து, மூக்கு சிவந்து, ஈரக் கன்னத்தோடு எழுந்து வெளியே வந்தாள். அவள் மேடைப் படியில் இறங்கும்போதுகூட ஆயிரம் கண்ணும் கழுதை போகிற வழியேதான் போயின, அப்படி ஒரு பழக்கம்! நேரே முப்பிடாதி முன்னால் போய் நின்றாள். கழுதையைத் தன் கையிலிருந்து உருவி, கைதட்டத் தூக்கியிருந்த அவருடைய வலது கையில் திணித்தாள்.

கழுதை ஒருதரம் தலையைத் தொங்கப்போட்டது. பிறகு மெல்ல நிமிர்ந்தது. வாயைத் திறந்தது. வந்தது பலாச்சுளைக் குரல் இல்லை. தாழ்ந்து, கரகரத்து, தூக்கம் முழுசாய்த் தெளியாமல், ஊர் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரல் வந்தது.

"இந்தாருங்க."

விசிலடித்தவன் வாயிலிருந்து விரலை எடுத்தான். முப்பிடாதியின் உதடு அசையவில்லை. கழுதைதான் பேசியது, ஆவுடையின் அந்த வீட்டுக் குரலில், முப்பிடாதியின் மனசில் இருந்ததை.

"ஏளா, இந்தச் சத்தந்தானே? தெனமும் மிஷினை மிதிக்கும்போது இது வருமா வருமான்னுதான் காதை வச்சுக்கிட்டு இருக்கேன். வராதுன்னு தெரியும். உன் மொகத்தைப் பாத்தா நான் ஒடைஞ்சு போவேன்னு பயந்துட்டேன், ளா. அதான் இந்தக் கழுதையையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். குரல் இருக்கு இருக்குன்னு ஊர் சொல்லிச்சு, எனக்கும் அது வசதியாப் போச்சு. இல்லை, ளா. அது போயிட்டுது. நம்ம வீட்டுச் சத்தம் செத்துப்போச்சு."

ஊர் பழக்கதோசத்தில் கழுதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சட்டத்தைப் போட்டவள் ஒருத்திதான் அதை மீறினாள். அவள் கழுதையைப் பார்க்கவில்லை, அதை மாட்டியிருந்த மனுசனின் முகத்தைப் பார்த்தாள். முப்பிடாதியும் நிமிர்ந்தார். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார், கழுத்துத் தழும்பைப் பார்த்தார், விட்டுப்போன தையலைக்கூடப் பார்த்தார். பார்த்துவிட்டு, லேடீஸ் டெய்லர் முப்பிடாதி அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதார்.

ரஹ்மத் பீவி மூன்றாம் வரிசையில் இருந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். "அல்லாவே, துட்டி கேக்கப் போனவளுவ பூ வச்சுக்கிட்டுப் போனோமே!" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஊர் துட்டிக்கு வந்தது. பூ இல்லை, பழம் இல்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியக்கூடாது என்று ரஹ்மத் பீவி வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. பெண்கள் உள்ளே வந்து ஆவுடையைச் சுற்றி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, "போயிட்டுதே எம்மா, உன் சத்தம் போயிட்டுதே," என்று அழுதார்கள். கானக்குட்டியோடு வளர்ந்த பிள்ளைகள்கூடச் சுவரோரமாய்ச் சத்தம் காட்டாமல் இருந்தன. ஆவுடை யாரையும் வாங்க என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதில்லை. யாரும் அவளிடம் போய்வாறேன் என்று சொல்லவில்லை, அவள் பதில் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்த ஒருநாள் முழுக்க அந்த வீட்டில் குரல் இல்லாதது ஒரு குறையாகவே இல்லை. அவள் வாய் திறந்து, வெறும் காற்றாய், தீரத் தீர அழுதாள்.

கழுதையை ஊர் விட்டுவிடவில்லை. அது இன்றைக்கும் அஞ்சு மணிக்கு வருகிறது, ஆவுடை கையில் பாடுகிறது, அதே பலாச்சுளைக் குரல்தான். பிறகு சில பேர் ஆசைப்பட்டுத் தங்கள் கையில் மாட்டிப் பார்த்தார்கள், அது ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பிடாதி மட்டும் அதை மறுபடி மாட்டிப்பார்க்கக் கேட்கவே இல்லை. ஒளிபரப்பு முடிந்ததும் ஞானதுரை சார் இப்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மேஜைக்கு அடியில் பார்த்து, "நல்லா இருந்துச்சும்மா," என்கிறார். வீட்டுக்கு வந்தால் கழுதை முன்னறை ஆணியில், சுவரைப் பார்த்துத் தொங்கும்.

இது நடந்து கொஞ்ச நாள் கழிந்து ஒரு காலை. சாரல் பெய்துகொண்டிருந்தது. முப்பிடாதி தெருவைப் பார்த்து உட்கார்ந்து ரோஸ் கலரில் ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார், அளவு ஆவுடையின் அளவு. மிஷின் கடகடவென்று ஓடியது. ஆவுடை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் முதுகைப் பார்த்து, வெறும் காற்றாய் வாயசைத்தாள்.

இந்தாருங்க.

மிஷின் நின்றது. முப்பிடாதி திரும்பவில்லை. கொடியில் கிடந்த தன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, குடையைத் தேடினார்.

"கல்லுப்பா, தூளுப்பா?" என்றார்.